குரலுக்குத் தனி பேட்டரி

அக்டோபர் 7, திங்கள்

காலை பிரேயர் முடிந்ததும் தலைமையாசிரியர் திருமலைச்சாமி என்னை அறைக்குக் கூப்பிட்டு ஒரு கடிதத்தைக் கொடுத்தார். கொடுக்கும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. மேசைமேலிருந்த பேப்பர் வெயிட்டைப் பார்த்தார். நவம்பர் 12 அன்று மேலிடத்திலிருந்து ஒரு குழு வருகிறதாம். பத்தாம் வகுப்புக்கு அறிவியல் நடத்தும் கோகிலவாணியாகிய நான் இனியும் வகுப்பெடுக்கத் தகுதியுள்ளவளா என்று பார்ப்பார்களாம். இல்லையென்று முடிவானால் ‘சமமான வேறு பணி’. அதாவது ஏதோ ஓர் அலுவலகத்தின் மூலை, ஒரு நாற்காலி, ஃபைல் அடுக்கு. நாற்காலிகூட அவர்கள் போட வேண்டியதில்லை, நானே கொண்டுவந்துவிடுவேன். என்னை வேலையைவிட்டு அனுப்பச் சட்டத்தில் இடமில்லை, படித்துவிட்டேன். வகுப்பைவிட்டு அனுப்ப இடமிருக்கிறது.

குழுவிடம் காட்ட வேண்டிவரலாம் என்றுதான் இந்த நோட்டைத் தொடங்குகிறேன். ஆகவே விவரம். வயது நாற்பத்தேழு. சர்வீஸ் இருபத்திரண்டு வருடம். இரண்டு வருடமாக ஒரு நரம்பு நோய். பெயர் நீளமானது, எழுத மாட்டேன். முதலில் கால்களை எடுத்துக்கொண்டது, பிறகு நாக்கை. நான் வாயால் பேசுவது கணவர் சென்னியப்பனுக்கு மட்டும் புரியும், அதுவும் பாதி. எனக்குக் கோகிலவாணி என்று பெயர் வைத்த அப்பாவைத்தான் சொல்ல வேண்டும். கைகள் நன்றாக இருக்கின்றன.

கோடை விடுமுறையில் நானே ஒரு போர்டு சேர்த்துக் கட்டினேன். எழுத்தைத் தட்டினால் அது பேசும். சின்ன போர்டு, ஒரு கீபோர்டு, சத்தத்தைப் பெருக்கும் ஆம்ப்ளிஃபயர், ஒரு ஸ்பீக்கர். எல்லாவற்றையும் சமையலறையிலிருந்த நைலான் காய் நறுக்கும் பலகையில் திருகி, மோட்டார் நாற்காலியின் வலது கைப்பிடிக்குக் கீழே பொருத்தியிருக்கிறோம். ரோட்டின் குலுக்கல் போர்டுக்குப் போகாமலிருக்க இடையில் சைக்கிள் டியூப் துண்டுகள். போனிலேயே பேசலாமே என்று கேட்காத ஆளில்லை. பிள்ளைகள் நாற்பத்தெட்டுப் பேர். ஜன்னலுக்குக் கதவில்லை. உடுமலைக் காற்று வீசினால் போன் சத்தம் முதல் பெஞ்சைத் தாண்டாது.

மிச்சமிருக்கும் கேள்வி ஒன்றுதான்: இதற்குக் கரண்ட் எங்கிருந்து? தலைமையாசிரியர் உடனே ஒரு வழி சொன்னார்.

“செவுத்தோரம் ஒரு பிளக் பாயிண்ட் இருக்குதுங்க டீச்சர். அங்கயே டேபிள் போட்டுத் தந்தர்றேன். நீங்க அசையவே வேண்டாம்.”

அசையவே வேண்டாமாம். இருபத்திரண்டு வருடமும் பெஞ்சுகளுக்கு நடுவே நடந்து பாடம் நடத்தியவள் நான். மூன்று மீட்டர் ஒயரில் என்னைச் சுவரோடு கட்டிவைக்கப் பார்க்கிறார். கட்டிப்போட்ட ஆடுகூட அதைவிடக் கொஞ்சம் தள்ளிப்போய் மேயும்.

அக்டோபர் 8, செவ்வாய்

பவர் பேங்க் வைத்துப் பார்த்தோம். கைக்கடக்கம், எடை குறைவு, எங்கும் கிடைக்கும். கணவர் மாணவனாகக் கட்டிலில் உட்கார்ந்தார். பால் சொசைட்டியில் கிளார்க், பத்தாம் வகுப்பில் அறிவியலில் நாற்பத்தொரு மார்க். “ஒளியின் வேகம் என்ன?” என்று போர்டைக் கேட்கவைத்துவிட்டுக் காத்திருந்தேன். இவர் தலையைச் சொறிந்தார். மேலே பார்த்தார். “அது வந்துங்க டீச்சர்…” என்று இழுத்தார். அதற்குள் போர்டின் விளக்கு அணைந்துவிட்டது.

மூன்று தடவை செய்து பார்த்தோம், மூன்று தடவையும் அதே கதை. யோசித்தபோது புரிந்தது. பவர் பேங்க் போனுக்காகச் செய்தது. பேசாதபோது என் போர்டு இழுக்கும் கரண்ட் மிகவும் கொஞ்சம். போன் நிறைந்துவிட்டது என்று நினைத்து அது தானே அணைந்துகொள்கிறது.

“நான் டக்குனு பதில் சொல்லியிருந்தா அணைஞ்சிருக்காதில்ல?” என்றார் இவர், பாவமாக.

கேள்வி கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டிருப்பதுதான் என் தொழிலில் பாதி. நான் சும்மா இருந்தால் வேலை முடிந்துவிட்டது என்று நினைக்கும் எதுவும் எனக்கு வேண்டாம். பவர் பேங்க் இவர் போனுக்கே போகட்டும்.

அக்டோபர் 10, வியாழன்

மூன்றாவது வீட்டுக் காளியண்ணன் வந்து பார்த்தார். காற்றாலைகளில் கண்ட்ரோல் பேனல் பார்க்கும் எலக்ட்ரீஷியன். என் நாற்காலியின் அடியில் பன்னிரண்டு வோல்ட் பேட்டரிகள் இரண்டு தொடராக இருக்கின்றன, மொத்தம் இருபத்துநான்கு. போர்டுக்கும் ஆம்ப்ளிஃபயருக்கும் வேண்டியது பன்னிரண்டு.

“இருபத்துநாலயும் எடுத்து கன்வெர்ட்டர்ல பன்னெண்டாக் கொறச்சுக் குடுத்துப் போடலாமுங்க. கோயமுத்தூர்ல இருந்து வரோணும். பூசை லீவு வேற. நானும் நாளைக்கு சைட்டுக்குப் போறனுங்க, வர்றதுக்கு ரெண்டு வாரம் ஆயிரும். அதுவரைக்கும் பொறுத்துக்கோங்க டீச்சர்.”

பொறுத்துக்கொள்வதாம். குழு வர முப்பத்துமூன்று நாள் இருக்கிறது. வேண்டியது பன்னிரண்டு, ஒவ்வொரு பேட்டரியிலும் இருப்பதும் பன்னிரண்டு. அவர் போனதும் இவரை ஸ்க்ரூ டிரைவர் எடுக்கச் சொன்னேன். ஒரு பேட்டரியின் இரண்டு முனைகளிலிருந்து இரண்டு ஒயர். இருபது நிமிடத்தில் வேலை முடிந்தது. போர்டு ஜம்மென்று பேசியது. இதற்கா கோயம்புத்தூர்?

அக்டோபர் 11, வெள்ளி

ஆயுத பூஜை. இவர் சைக்கிள், மிக்ஸி, ஸ்க்ரூ டிரைவர், டெஸ்டர் எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்தார். நாற்காலிக்கு மாலை. போர்டுக்கும் ஒரு கை சந்தனம், மேலே குங்குமம், அதுவும் சரியாக ஒயர் சேரும் இடத்தில். அங்கே வேண்டாம் என்று நான் தட்டி முடிப்பதற்குள் வைத்தாகிவிட்டது. சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து, “ம், ஏத்து” என்றார். ஏற்றி நசுக்கினேன். நான்கு பழம். மனதுக்கு மிகவும் நன்றாக இருந்தது. ஒவ்வொன்றுக்கும் மனதில் ஒரு பெயர் வைத்திருந்தேன். யாருடைய பெயர்கள் என்று எழுத மாட்டேன், இந்த நோட்டைக் குழு படிக்கலாம்.

அக்டோபர் 14, திங்கள்

ஐந்து மாதத்துக்குப் பிறகு வகுப்பில் பேசினேன். இதுவரை கரும்பலகையும் சைகையுமாகத்தான் ஓட்டிக்கொண்டிருந்தேன்.

“எல்லோருக்கும் வணக்கம். மின்னோட்டவியல். நோட்டை எடுங்கள்” என்றது போர்டு. பெண் குரல், இழுத்து இழுத்துப் பேசும். மூன்றாவது பெஞ்ச் யாழிசை எழுந்து, “டீச்சர், வண்டி எத்தனாவது பிளாட்பாரத்துல வருதுங்க?” என்றாள். நாற்பத்தெட்டும் சிரித்தன. நானும் சிரித்தேன். என் சிரிப்பு இப்போது கேட்க நன்றாக இருக்காது, அதனால் யாரும் இல்லாத இடத்தில்தான் சிரிப்பது வழக்கம். இன்று மறந்துவிட்டேன். “யாழிசை, உன் வண்டி ஒன்றாவது பெஞ்சுக்கு வருகிறது, நகர்ந்து வா” என்று தட்டினேன். போர்டு அதை அப்படியே அறிவித்தது. அவள் பையோடு முன்னால் வந்தாள்.

பெஞ்சுகளுக்கு நடுவே கடைசிவரை போய்த் திரும்பினேன். ஒயர் எதுவும் பின்னாலிருந்து இழுக்கவில்லை.

அக்டோபர் 17, வியாழன்

நாற்காலியின் சார்ஜ் சீக்கிரம் இறங்குகிறது. பேட்டரி பழசு, அதுதான் காரணம். பேனாவும் சரியில்லை, எழுத்து கோணுகிறது. வேறு வாங்க வேண்டும்.

அக்டோபர் 21, திங்கள்

மாடிப்படி தவிர எல்லா இடத்துக்கும் போகிறேன். சாயங்காலம் திரும்பும்போது நாற்காலி நத்தை மாதிரி ஊர்ந்தது. பேட்டரி பழசு.

அக்டோபர் 23, புதன்

காலை எட்டே முக்காலுக்குப் பள்ளிக்கு இருநூறு அடி முன்னால், நடுரோட்டில் நாற்காலி நின்றுவிட்டது. பட்டனை அழுத்திப் பார்த்தேன், ஒரு விளக்கும் எரியவில்லை. பின்னால் தேங்காய் லோடு லாரி. ஹாரன். நான் அவசரமாகத் தட்டினேன். “வண்டி” என்று தொடங்கிய போர்டு பாதியில் தேய்ந்து செத்தது. நாற்காலி சாகும்போது என் குரலையும் கூடவே இழுத்துக்கொண்டு போய்விட்டது.

டிரைவர் எட்டிப் பார்த்து, “ஏம்மா, காது கேக்காதா? ஓரமாப் போம்மா!” என்றார். வாயால் சொல்ல முயன்றேன். வந்த சத்தத்தைக் கேட்டு அவர் முகம் மாறிவிட்டது. கெட்டவர் இல்லை. இறங்கி வந்து நாற்காலியைத் தள்ளி ரோட்டோரம் கொண்டுபோய் நிறுத்திவிட்டு, “யாராச்சும் வருவாங்க இருங்கம்மா” என்று சொல்லிக் கிளம்பினார். நிறுத்தியது சுவரைப் பார்த்து. திருப்பி நிறுத்த அவருக்குத் தோன்றவில்லை. திருப்பச் சொல்ல எனக்கு வழியில்லை.

சுவரிலிருந்து என் மூக்கு ஒரு முழம். செப்டிக் டேங்க் சுத்தம் செய்பவரின் விளம்பரம், கீழே போன் நம்பர். இப்போது அது எனக்கு மனப்பாடம். என் முதுகுக்குப் பின்னால் பிள்ளைகள் பள்ளிக்குப் போகும் சத்தம். யாழிசையின் சிரிப்புகூடக் கேட்டது. மரநிழலில் சும்மா நிற்கிறேன் என்று நினைத்திருப்பார்கள். பிரேயர் மணி அடித்தது. ஒன்பது நிமிடம்.

ஒன்பதாவது நிமிடம் இவர் வந்தார். எதேச்சையாக அந்த வழியாக வந்தாராம். பால் சொசைட்டி ஊரின் மறுகோடியில் இருக்கிறது. கூடவே வரக் கூடாது என்று ஜூனிலேயே கண்டித்துச் சொல்லியிருக்கிறேன்.

அழவில்லை. கோபம். முழுக்க முழுக்கக் கோபம்.

அக்டோபர் 24, வியாழன்

மருத்துவ விடுப்பு. என் சர்வீஸில் இப்படி ஒரு நாள் வீணானது எரிச்சலாக இருக்கிறது.

இவர் பழைய டூத் பிரஷ்ஷால் போர்டிலிருந்த சந்தனத்தைச் சுரண்டிக்கொண்டிருக்கிறார். காலையிலிருந்து அதே வேலை. “நான்தான் கெடுத்துப்போட்டேன். ஈரச் சந்தனத்த ஒயர் மேல வெச்சா என்னத்துக்கு ஆகும்? பூசையாம் பூசை” என்று தனக்குத் தானே திட்டிக்கொண்டிருக்கிறார். சாப்பிடவில்லை.

சந்தனம் ஈரமாகத்தான் இருந்தது. அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

அக்டோபர் 25, வெள்ளி

இன்றும் சுரண்டினார்.

அக்டோபர் 26, சனி

காளியண்ணன் சைட்டிலிருந்து வந்துவிட்டார். கோயம்புத்தூர் கன்வெர்ட்டரும் அவர் கையில். பையைக்கூட வீட்டில் வைக்காமல் நேராக வந்து மீட்டரை எடுத்தார். ஒரு பேட்டரி பன்னிரண்டு புள்ளி எட்டு. இன்னொன்று ஒன்பது புள்ளி ஆறு. என் இரண்டு ஒயரும் எதிலிருந்து புறப்படுகின்றன என்று விரலால் தடவிக்கொண்டே போனார். பிறகு என்னைப் பார்த்தார்.

இவர் முந்திக்கொண்டார். “எல்லாம் என்ற தப்புங்க காளியண்ணா. சந்தனம் வெச்சுப்போட்டேன்.”

காளியண்ணன், சொல்ல வேண்டியது நான் என்று விட்டுவிட்டார். மீட்டரின் ஒயரைச் சுற்றிக்கொண்டே நின்றார்.

நாற்காலி செத்த அன்று சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தபோதே எனக்குத் தெரியும். இரண்டாவது நிமிடமே தெரியும். தொடராக இருக்கும் இரண்டு பேட்டரியில் ஒன்றிலிருந்து மட்டும் கரண்ட் எடுத்தால் அது மட்டும் மெலியும். சார்ஜர் இரண்டுக்கும் ஒரே அளவுதான் ஊட்டும், மெலிந்தது மெலிந்துகொண்டே போகும். ஒருநாள் மொத்தமும் படுக்கும். இதை இருபத்திரண்டு வருடமாகக் கரும்பலகையில் வரைந்து காட்டியவள் நான். பரீட்சையில் ஒரு பிள்ளை இப்படி எழுதியிருந்தால் சிவப்பு மையில் பேப்பரையே கிழித்திருப்பேன். இரண்டு நாள் இந்த மனிதர் சாப்பிடாமல் சுரண்டியதைப் பார்த்துக்கொண்டு பேசாமல் இருந்தேன். பொய் சொல்ல எனக்குக் குரல் வேண்டியிருக்கவில்லை.

போர்டுக்குச் சுவரிலிருந்து கரண்ட் கொடுக்கச் சொல்லித் தட்டினேன். “மாமா. சந்தனம் இல்லை. நான் செய்தது. எனக்குத் தெரியும். தெரிந்தே சும்மா இருந்தேன்.” பிளாட்பாரக் குரலில் அது வீடு முழுக்கக் கேட்டது. தெருவிலும் கேட்டிருக்கும்.

இவர் டூத் பிரஷ்ஷைக் கீழே வைத்தார். “அப்ப சாமி மேல தப்பில்ல” என்றார். அவ்வளவுதான். போய்ச் சோறு போட்டுக்கொண்டு வந்தார். திட்டியிருந்தால் தேவலை.

காளியண்ணன் கிளம்பும்போது மட்டும், “ரெண்டு மாடு பூட்டுன வண்டில ஒத்த மாட்டு மேல மூட்டைய ஏத்திப்போட்டீங்க டீச்சர்” என்றார்.

அக்டோபர் 28, திங்கள்

இன்று முதல் நாட்குறிப்பைப் போர்டிலேயே தட்டி வைக்கிறேன். இப்போதெல்லாம் பேனாக்கள் சரியாக வருவதில்லை. தட்டி வைப்பதால் குழுவுக்கும் காட்டப்போவதில்லை. நல்லதுதான், கொஞ்சம் தாராளமாக எழுதலாம்.

வீட்டில் பெரிய சண்டை. நாற்காலிக்குப் புதிதாக இரண்டு பேட்டரியும் போட்டாகிவிட்டது. இனிப் போர்டுக்கு இருபத்துநான்கிலிருந்து கன்வெர்ட்டர் வழியாக எடுப்பதுதான் முறை, இரண்டு பேட்டரியும் சமமாக உழைக்கும், ஒரே சார்ஜர், ஒரே பிளக் என்று காளியண்ணன் சொன்னார். சரியான இன்ஜினியரிங். ஒரு குறையும் சொல்ல முடியாது.

நான் மாட்டேன் என்றேன். போர்டுக்குத் தனியாக ஒரு பேட்டரி வேண்டும். யூ.பி.எஸ்.ஸில் போடுவார்களே, செங்கல் அளவில், அது. நாற்காலிக்கும் அதற்கும் ஒரு ஒயர்கூடத் தொடர்பு இருக்கக் கூடாது.

“ரெண்டரைக் கிலோ சும்மா சுமக்கோணுமுங்களே” என்றார் காளியண்ணன்.

“சுமப்பது நாற்காலி” என்று தட்டினேன்.

இவருக்கு வேறு கவலை. “ரெண்டு சார்ஜர்னா ரெண்டு பிளக்கு. ஒருநா இல்லாட்டி ஒருநா ஒண்ணு மறந்துரும் கோகிலா. ஒண்ணாவே இருக்கட்டுமே.”

“நானே போட்டுக்கொள்வேன்.”

இவர் என் கையைப் பார்த்தார். நான் கையை மடியிலிருந்து எடுக்கவில்லை.

“பிளக்கு அம்பதுன்னாலும் நான் போடறன். அதுக்குச் சொல்லல. எனக்குக் காச்சல்னு ஒருநா படுத்துட்டா உன்ற பேச்சு நின்னுபோயிருமே. அத்தத்தான் யோசிக்கறேன்.”

நான் தட்டிக்கொண்டே இருந்தேன். இரண்டு பேரும் டீயைக் குடித்து முடித்துவிட்டார்கள். போர்டு சொன்னது இது: “அந்தச் சுவரை நீங்கள் இருவரும் பார்க்கவில்லை. நாற்காலி மறுபடியும் நிற்கும். எந்த வண்டியும் நிற்கும். நின்றால் ‘என்னைத் திருப்பி நிறுத்து’ என்று சொல்ல எனக்குக் குரல் வேண்டும். கால் போன இடத்துக்கெல்லாம் வாயும் போக வேண்டுமென்று எந்தச் சட்டமும் இல்லை.”

இவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். காளியண்ணன் கன்வெர்ட்டரைப் பையில் திரும்பப் போட்டார். “செங்கலே வாங்கிக்கலாமுங்க” என்றார்.

அக்டோபர் 31, வியாழன்

தீபாவளி. நாற்காலிக்குப் பொட்டு வைக்க இவர் தயங்கினார். வைக்கச் சொன்னேன், போர்டிலிருந்து ஒரு முழம் தள்ளி.

நவம்பர் 4, திங்கள்

தனி பேட்டரி வந்து இருக்கைக்குப் பின்னால் உட்கார்ந்துவிட்டது. நடுவில் ஒரு ஃபியூஸ். விடாமல் பேசவைத்துச் சோதித்தோம். பதினொரு மணிநேரம் தாங்கியது. இவரே பொறுக்கமாட்டாமல் தெருவுக்குப் போய்விட்டார்.

பிளக் விவகாரத்துக்குக் காளியண்ணன் ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறார். படுக்கையறைச் சுவரில் நாற்காலி உயரத்துக்கு ஒரு கட்டை, அதில் சார்ஜரோடு இணைத்த இரண்டு பித்தளைத் தகடு, அவற்றுக்குப் பின்னால் ஸ்பிரிங். நாற்காலியின் முதுகிலும் அதே மாதிரி இரண்டு தகடு. நான் பின்னால் ஓட்டிப்போய் முட்டினால் போதும், குரலுக்குச் சார்ஜ் ஏறும். விரல் வேண்டாம், இவரும் வேண்டாம். நாற்காலியின் பிளக் மட்டும் இவர் பொறுப்பு.

முதல் தடவை வேகமாக முட்டிச் சுவரில் காரை பெயர்ந்தது. இரண்டாவது தடவை சின்னப் பச்சை விளக்கு எரிந்தது. “எவ்வளவு பெருமை மூஞ்சில” என்றார் இவர்.

நவம்பர் 9, சனி

12ஆம் தேதிக்கான பாடத்தைத் தட்டி வைத்துக்கொண்டிருக்கிறேன். கீபோர்டு கொஞ்சம் இறுகிப்போயிருக்கிறது. தூசியாக இருக்கும். இவர் பிரித்துத் துடைத்துப் பார்த்துவிட்டு, தூசி ஒன்றும் இல்லையே என்றார். இருக்கும் என்றேன்.

நவம்பர் 12, செவ்வாய்

குழு வந்தது. கண்ணாடி போட்ட ஓர் அதிகாரி அம்மா, ஒரு டாக்டர், குறிப்பெடுக்க ஒருவர். மூவரும் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார்கள். தலைமையாசிரியர் கதவோரம் நின்றார், தேவைப்பட்டால் பாடத்தை எடுத்துக்கொள்ளத் தயாராகக் கையில் புத்தகத்தோடு.

தொடரிணைப்பு நடத்தினேன். யாழிசையை விட்டு என் நாற்காலியின் இரண்டு பேட்டரியையும் போர்டையும் கரும்பலகையில் வரையவைத்தேன். ஒன்றிலிருந்து மட்டும் ஒயர். “இப்படி இணைத்தவர் ஒரு முட்டாள். ஏன்?” என்று கேட்டேன். பிள்ளைகள் யோசித்தார்கள். பின்வரிசையில் ஒரு பெண் தயங்கித் தயங்கிச் சரியாகச் சொன்னாள். “அந்த முட்டாள் யாருங்க டீச்சர்?” என்றாள் யாழிசை. நான் என்னைக் காட்டினேன். வகுப்பு சிரித்த சிரிப்பில் குறிப்பெடுப்பவரும் பேனாவை வைத்துவிட்டுச் சிரித்தார்.

அப்போதுதான் அதிகாரி அம்மா கை தூக்கினார். “இதெல்லாம் முன்னாடியே டைப் பண்ணி வெச்சதுதானே? வேற யாராவது டைப் பண்ணியிருக்கலாமில்லையா? இப்ப எங்க முன்னாடி ஒண்ணு சொல்லுங்க பாப்போம்.” டாக்டரும் சேர்ந்துகொண்டார். “இந்த வண்டி ரிப்பேராச்சுன்னா கிளாஸ் என்னங்க ஆகும்?” கேட்டுவிட்டுக் குனிந்து போனைப் பார்க்க ஆரம்பித்தார்.

நான் பெஞ்சுகளுக்கு நடுவே பாதி தூரம் போய், நாற்காலியின் மெயின் ஸ்விட்சை உள்ளங்கையால் அடித்து அணைத்தேன். நாற்காலி விளக்குகள் எல்லாம் போயின. பிறகு தட்டத் தொடங்கினேன்.

எழுதத்தானே வேண்டும், எழுதிவிடுகிறேன். ஒரு விரல்தான் வேலை செய்கிறது. அதுவும் ஓர் எழுத்தைத் தொட்டு அடுத்ததற்குப் போவதற்குள் களைத்துவிடுகிறது. அந்த வாக்கியத்துக்கு நான்கு நிமிடம் ஆனது. தலைமையாசிரியர் ஓர் அடி முன்னால் வந்தார். முதல் பெஞ்ச் பையன் ஒருவன் அவரைப் பார்த்து உதட்டில் விரல் வைத்தான். தலைமையாசிரியருக்கே. அவர் நின்றுவிட்டார். நாற்பத்தெட்டுப் பிள்ளைகளில் ஒன்றுகூடச் சிரிக்கவில்லை, இருமவில்லை. எனக்கு வியர்த்துக் கண்ணில் இறங்கியது, துடைக்கவில்லை. துடைத்தால் விரல் இடம் மாறிவிடும்.

போர்டு முழு சத்தத்தில் பேசியது: “நாற்காலி ஆஃப். பாடம் ஆஃப் இல்லை. கடைசி பெஞ்சில் போன் பார்ப்பவர் அதை உள்ளே வைக்கவும்.”

டாக்டர் பள்ளிப் பையனைப் போலச் சட்டென்று போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். அதிகாரி அம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மாட்டினார், மறுபடியும் கழற்றித் துடைத்தார். நான் நாற்காலியை உயிர்ப்பித்து முன்னால் போய் அடுத்த கணக்கைக் கொடுத்தேன்.

பயமாக இருந்தது. ஆனால் இப்படி ஒரு வகுப்பு என் சர்வீஸில் நான் எடுத்ததில்லை.

நவம்பர் 22, வெள்ளி

உத்தரவு வந்தது. தலைமையாசிரியர் இந்தத் தடவை என் முகத்தைப் பார்த்துக் கொடுத்தார். ‘இக்கல்வியாண்டு முடியும் வரை வகுப்புப் பணியில் தொடர அனுமதிக்கப்படுகிறது.’

“வாழ்த்துகள் டீச்சர். ஏப்ரல் வரைக்கும் கவலையில்ல” என்றார்.

ஏப்ரல் வரைக்கும். அவர்களுக்குக் கணக்கு தெரிந்திருக்கிறது. டாக்டர் என் விரலைப் பார்த்திருப்பார்.

நவம்பர் 25, திங்கள்

இந்தப் பதிவை மூன்று நாளாகத் தட்டுகிறேன். கீபோர்டில் தூசி இல்லை. பேனாக்களும் நன்றாகத்தான் இருந்தன. வலது ஆள்காட்டி விரல் போய்க்கொண்டிருக்கிறது. எப்போது முழுக்கப் போகும் என்று டாக்டர்கள் சொல்வதில்லை, நானும் கேட்பதில்லை. பயமில்லை என்று எழுத நினைத்தேன். பயம்தான்.

காளியண்ணனிடம் சொல்லிவிட்டேன், இவர் இல்லாத நேரமாகப் பார்த்து. கன்னத்தை அசைத்தால் அழுந்தும் ஒரு ஸ்விட்ச் செய்யலாம் என்கிறார். அதற்கு வேண்டிய கரண்டைக் கணக்குப் போட்டுப் பார்த்தோம். செங்கல் தாராளமாகத் தாங்கும். ஆனால் இவரிடம் எதை மறைக்க முடியும்? மாலையில் இவர் வந்ததும் வராததுமாக, “கன்னத்துக்கு எப்பங்க மாட்டறது?” என்று காளியண்ணனையே கேட்கிறார்.

சாப்பிட்ட பிறகு ஜூன் மாதப் பாடத்தைத் தட்டத் தொடங்கினேன். அடுத்த வருடப் பத்தாம் வகுப்பு, முதல் பாடம், இயக்க விதிகள். இவர் தோளுக்குப் பின்னாலிருந்து எட்டிப் படித்தார்.

“ஏப்ரல் வரைக்கும்னுதானே போட்டிருக்கறாங்க?”

“அது அவர்கள் போட்டது.”

இவர் ஒரு ஸ்டூலை இழுத்துப் பக்கத்தில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். விரல் சரியான எழுத்தைத் தொடும்போதெல்லாம் ‘ம்’ கொட்டினார். ஒன்பது மணிக்கு ஒரு வரி முடிந்தது: “தன் நிலையை மாற்ற வரும் எந்த விசையையும் ஒரு பொருள் எதிர்த்து நிற்கும்; இதற்கு நிலைமம் என்று பெயர்.”

பாடத்தில் இதற்கு அடுத்து ஓர் உதாரணம் சொல்ல வேண்டும். அதற்காக நான் வெளியே எங்கும் தேடப்போவதில்லை.